எடைமேடையில் ஜனவரி ஒன்று

பொத்தானை அமுக்கினால்
விசிறி அரைச் சுற்று சுற்றி நிற்கிறது.
மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை.
புளியரை. ராத்திரி பதினொன்றே கால்.
சாரல் சன்னல் வழியாக வந்து
கீபோர்டில் உட்கார்ந்திருக்கிறது.

மேடைமேல் ஒரு லாரி, பின்னால் ஒன்பது.
எம்-சாண்ட், வைக்கோல், கோழித்தீவனம்,
எல்லாம் ஆரியங்காவு ஏறிப் போகணும்.
எடை தெரியாமல் இல்லை.
இருபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது
சுவரில் சிவப்பாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது.
சீட்டில்தான் இறங்க மாட்டேன் என்கிறது.
சீட்டில் இல்லாத எடையை
செக்போஸ்டில் யார் எடை என்பார்கள்?

சைலப்பன் அண்ணன் போனில்,
கொட்டாவிக்கு நடுவே:
"முப்பிடாதி, பின்னால வயரப் பிடுங்கு.
பிடுங்கிட்டியா? இப்போ சும்மாவே
பொத்தானை அமுக்கு, இருபது எண்ணுற வரைக்கும்."
கரண்டு இல்லாத பெட்டியை அமுக்குகிறேன்,
மடி வற்றிய ஆட்டைப் பீச்சுவது மாதிரி.
"உள்ள மிச்சம் நிக்கிற கரண்டு போயிரும்."
மிச்சம் நின்றதே இப்போதுதான் தெரியும்.

மூடியில் நாலு திருகு இருக்க வேண்டும்.
ஒன்று இருக்கிறது.
உள்ளே விரல் கனத்துக்குத் தூசி,
இத்தனை வருஷம்
எடை போடாமல் ஏறிய சரக்கு.

கிளீனர் பையன் தட்டிப் பார்க்கச் சொன்னான்.
தட்டினேன்.
வயரை மாட்டி அமுக்கியதும்
பீ...ப் என்று நீளமாக ஒரு கத்தல்.
நின்றது. மறுபடி.

"நீளமாவா? அப்போ உயிரு இருக்கு. ராம்தான்."
"ஓர்ம போயி, அல்லே?" என்றார்
சன்னலில் தலையை விட்டிருந்த
கொட்டாரக்கரை தங்கச்சன்.
மேடைமேல் நிற்பது அவர் வண்டி.
எங்கள் பக்கமும் ஓர்மை என்றுதான் சொல்வோம்.

வயரைப் பிடுங்கி, பச்சைப் பட்டையை உருவி,
அதன் தங்கப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
அழிக்கிற சாமானை வைத்து
ஓர்மையைத் திரும்பக் கொண்டுவருகிறோமே
என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.
ரப்பர்த் தூள் உள்ளே விழாமல்
ஊதிக்கொண்டிருந்தேன்.

டக்.
திரை வந்தது. கறுப்பில் வெள்ளையாக
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
தொடர, எஃப் ஒன்றை அமுக்கவும்.

அமுக்கினேன். எடைக் கணக்கு திறக்கவில்லை.
கடைசிச் சீட்டு இன்றைக்குப் பிந்தியதாம்.
கையால் தேதியைத் திருத்தினேன்,
மலை உச்சியில் எங்கோ கரண்டு கண் சிமிட்டியது,
பெட்டிக்கு மறுபடி புத்தாண்டு.
திருத்தினேன். சிமிட்டியது.
மூன்றாம் முறை திருத்துவதற்குள்
நடுநிசி தாண்டி, உண்மைத் தேதியே மாறிவிட்டது.
பின்னால் ஒருத்தன் ஹாரனில் கையை வைத்து
எடுக்கவே இல்லை.

"பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும் பாரு.
அதான் தீந்திருக்கு. செங்கோட்டையில
விடிஞ்சாத்தான் கடை."

தங்கச்சன் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறி
ஜிப்புப் பையோடு இறங்கினார்.
சுகர் பார்க்கிற மெஷின்.
நகத்தால் பின்மூடியை நெம்பினார்.
அதே பொட்டு, அதே மூன்று வோல்ட்.
"ஷுகர் நாளெ நோக்காம், மோளே."
கட்டஞ்சாயாவில் நாலு கரண்டி போட்டு
சற்றுமுன் என் கண்ணெதிரேதான் குடித்தார்.

பிளஸ் மேலே வருகிற மாதிரி வைத்தேன்.
வேண்டுமென்றே வயரைப் பிடுங்கினேன்.
எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.
மாட்டினேன்.
தேதி நின்றது.

பிரிண்டர் கரகரவென்று துப்பிய சீட்டை
வெற்றிலை போல நாலாக மடித்து
சட்டைப்பையில் சொருகிப் போனார்.
அடுத்து வைக்கோல். அதற்கடுத்து தீவனம்.
மூன்று மணிக்குத்தான் கவனித்தேன்,
மேசைமேல் மெஷின், வாய் திறந்தபடி.

மணல் இறக்கிவிட்டு
காலி வண்டி எடைக்கு வருவார்தானே.
அதற்குள் கடை திறந்திருக்கும்.
அந்த ஒற்றைத் திருகைத்தான் காணவில்லை.